அரை மாத்திரை

கோதன்பர்க். எழுபத்துமூன்று, நவம்பர் முதல் வாரம்.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
நான்காம் எண் கட்டிலில் யோர்டிஸ்
மூன்று தலையணை அடுக்கி
உட்கார்ந்தபடி தூங்குகிறாள்.
தூக்கம் என்று அதைச் சொல்லக் கூடாது.
படுத்தால் தண்ணீர் கழுத்துவரை ஏறுகிறது.

மீன் சந்தையில் முப்பது வருடம்
காட் மீனின் முள்ளை ஒரே இழுப்பில் உருவியவள்.
இப்போது இரண்டு செருப்புக்கு நடுவே
ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

செவிலி மாய்லிஸ் மணிக்கட்டைப் பிடித்துப்
பதினைந்து நொடி எண்ணினாள்: முப்பத்தொன்று.
நான்கால் பெருக்கி எழுதினாள்.

களைத்த நெஞ்சுக்கு உடம்பு என்ன செய்யும்?
சாட்டையைத்தான் எடுக்கும்.
ஓடு, இன்னும் ஓடு என்று
ராவும் பகலும் உள்ளேயே காய்ச்சி ஊற்றும்.
பாடப்புத்தகமும் அதே கட்சி.
அந்த ஓட்டத்தைத் தடுக்கும் மருந்தின் பெயருக்கு எதிரே
இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டு
சிவப்பில் அடிக்கோடு.

டாக்டர் ப்ரூமான் கொடுக்கச் சொன்னார்.
சட்டைப்பையில் பேனா கசிந்த கறை.
"ஓடுவதால்தான் சாகிறது" என்றார்.
மாய்லிஸ் கையெழுத்துப் போடவில்லை.
"நீங்களே கொடுங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கொடுத்தார்.
அரை மாத்திரை.
நகத்தால் உடைத்ததில் ஒரு பாதி கொஞ்சம் பெரிது;
சின்னதைத் தேர்ந்தெடுத்தார்.

தமிழில் மாத்திரை என்றால் காலமும்தான்,
கண் ஒருமுறை இமைக்கிற பொழுது.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
புள்ளி வைத்த மெய்க்கு அரை.
யோர்டிஸுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.
அவள் நெஞ்சு குறிலாகவே பேசிக்கொண்டிருந்தது
த த த த த த என்று,
நிரம்புவதற்குள் பிழியப்படும் பை.

இரண்டாம் வாரம் மோசமானாள்.
எடை ஒன்றரைக் கிலோ கூடியது, அத்தனையும் நீர்.
கணுக்காலில் விரல் வைத்தால் குழி அப்படியே நின்றது.
கைகள் ஐஸ் பெட்டியில் கிடந்தவை போல.
மாய்லிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை.
புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து
அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை.
சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தைக் கூட்டினார்.
அரையை அரையாகவே விட்டார்.
பதறாத காரியம் சிதறாது என்று
நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
அவர் பதறினார். நடைக்கூடத்தில் பதினோரு முறை நடந்தார்.
கை மட்டும் பதறவில்லை.

டிசம்பர் பதின்மூன்று, லூசியா நாள்.
விடியுமுன்னே பள்ளிச் சிறுமிகள் வெள்ளை அங்கியில்
தலையில் மெழுகுவத்தி ஏற்றிப்
பாடிக்கொண்டே வார்டுக்குள் வந்தார்கள்.
எல்லாக் கட்டிலும் எழுந்து உட்கார்ந்தது.
நான்காம் எண் எழவில்லை.
மாய்லிஸுக்கு ஒரு கணம் கால் ஓடவில்லை.
பிறகு பார்த்தாள்:
இரண்டு தலையணை தரையில் கிடக்க
யோர்டிஸ் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்,
வாய் திறந்து,
குறட்டையோடு.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
ஜூனில், நீண்ட பகல்களின் திருவிழாவில்,
அவளே மாத்திரையை நிறுத்தினாள்.
சுகமாக இருப்பவளுக்கு எதற்கு?
பன்னிரண்டாம் நாள் ஆம்புலன்ஸ்.
அதே வார்டு, மூன்று தலையணை,
மறுபடியும் அரையிலிருந்து.
இந்த முறை உடைத்தது மாய்லிஸ்.
கையெழுத்தும் அவளுடையது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
மாய்லிஸ் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள்.
இப்போதெல்லாம் பெருக்குவதில்லை;
ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுகிறாள்.
தா . . . தா . . .
நடுவில் ஜன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று
நின்று, ஆள் ஏற்றி, கிளம்புகிறது.

"காட் விலை ஏறிவிட்டதாமே," என்கிறாள் யோர்டிஸ்.
"பேசாதே, எண்ணிக்கை போய்விட்டது."
முதலிலிருந்து தொடங்குகிறாள்.